குழி தோண்டுவதற்கு முன்

இலவசமாகக் கிடைக்கும் மரக்கன்றில் இலவசம் என்று சொல்லத்தக்கது அந்தக் கன்று மட்டும்தான். கார்ப்பரேஷன் பூங்காத் துறையோ, வனத்துறை நாற்றங்காலோ, ஒரு தொண்டு நிறுவனமோ கன்றையும் கூண்டையும் கொடுத்துவிடலாம். குழி தோண்ட ஆளும் அனுப்பலாம். அதற்குப் பிறகு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். உதிரும் இலையைத் தினமும் கூட்டி அள்ள வேண்டும். கிளை மின்கம்பியைத் தொட்டால் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்தால் பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். புயலில் சாய்ந்தால் உடைந்த கூரையை மாற்ற வேண்டும். இவை எதுவும் கன்று கொடுத்தவரின் கணக்கில் வருவதில்லை. யார் வாசலில் மரம் நிற்கிறதோ அவர் தலையில்தான் விழுகின்றன. சென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கண்ணகி நகர் போன்ற பகுதிகளில் தெரு மரம் நட விரும்பும் குழுக்களுக்கு இந்த அத்தியாயம் ஒன்றைத்தான் வலியுறுத்துகிறது: அந்தச் செலவை யார் யார் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று தெருக்காரர்களோடு பேசி முடித்த பிறகே கடப்பாரையைத் தொடுங்கள். கன்றின் வகை, குழியின் அளவு, எருவின் பக்குவம் எல்லாம் அதற்கு அடுத்தவை.

இந்தப் பகுதிகளுக்கு மரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயில் எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரே நகருக்குள் அது ஒரே அளவில் அடிப்பதில்லை. அமெரிக்காவில் 1930-களில் நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் குறித்து, அங்கே வீட்டுக் கடன் கிடைப்பதை அரிதாக்கினார்கள். 2020-ல் ஜெரமி ஹாஃப்மன், விவேக் சாந்தாஸ், நிக்கலஸ் பெண்டில்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 108 நகர்ப்பகுதிகளின் நில மேற்பரப்பு வெப்பத்தை அந்தப் பழைய வரைபடங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். நூற்றுக்கு 94 நகர்ப்பகுதிகளில் சிவப்புக் கோட்டுக்குள் இருந்த பகுதிகளே அதிக வெப்பத்தோடு இருந்தன. சில நகரங்களில் வித்தியாசம் 7 டிகிரி செல்சியஸ் வரை போனது. 1930-களில் காகிதத்தில் போட்ட கோடு இன்றும் தரையில் சுடுகிறது. சென்னைக்கு அப்படியொரு வரைபடம் கிடையாது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, காற்று நுழையாத சந்து, வாசல்வரை போட்ட சிமென்ட் தரை எல்லாம் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. பல வீடுகளில் பகல் வாழ்க்கையே தெருவில்தான் நடக்கிறது: மீன் காயப்போடுவதும், பாத்திரம் கழுவுவதும், இஸ்திரி போடுவதும், ரேஷன் கடையில் கால் கடுக்க நிற்பதும். நிழல் விழும் தரையும் சுவரும், நிழலில்லாத இடத்தின் உச்ச வெப்பத்தைவிட 11 முதல் 25 டிகிரி வரை குளிர்ந்திருக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் உயிரைப் பறிக்கும் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, நிழலை அலங்காரம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

தேவை இவ்வளவு வெளிப்படையாக இருப்பதால்தான் நடுபவர்கள் ஒரு தவறைச் செய்கிறார்கள். நல்லது கொண்டுபோகிறோம், யார் வேண்டாம் என்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வேண்டாம் என்றார்கள், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில். 1950-க்கும் 1980-க்கும் இடையே அந்த நகரம் எல்ம் மரங்களைத் தாக்கிய பூஞ்சை நோயாலும், நகர விரிவாக்கத்தாலும், கவனிப்பின்மையாலும் ஏறக்குறைய ஐந்து லட்சம் மரங்களை இழந்தது. அதை ஈடுகட்ட 1989-ல் தொடங்கப்பட்டது 'கிரீனிங் ஆஃப் டெட்ராய்ட்' என்ற தொண்டு அமைப்பு. 2011-க்கும் 2014-க்கும் இடையே அது ஏறக்குறைய 7,500 வீடுகளின் முன்னால் இலவசமாக மரம் நட முன்வந்தது; மூன்று ஆண்டு பராமரிப்பையும் தானே ஏற்பதாகச் சொன்னது. 1,800-க்கும் மேற்பட்ட வீட்டார், அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒருவர், எங்களுக்கு மரம் வேண்டாம் என்று விண்ணப்பம் கொடுத்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கிறிஸ்டின் கார்மைக்கேல், மோரீன் மெக்டோனாவோடு சேர்ந்து இதன் காரணத்தைத் தேடினார். 2019-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, தெரு மரம் நடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

அமைப்பின் ஊழியர்கள் சொன்ன காரணம் எளிமையானது: மக்களுக்கு மரத்தின் அருமை தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. மறுத்தவர்களுக்கும் நிழல், காற்று, அழகு எல்லாம் நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்கள் நினைவில் வேறு சில விஷயங்களும் இருந்தன. 1967 ஜூலையில் அந்நகரில் காவல்துறைக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே பெரும் மோதல் வெடித்தது. அதையொட்டிய ஆண்டுகளில் நகராட்சி தங்கள் தெருக்களின் பெரிய மரங்களை வெட்டியதைப் பலரும் பார்த்திருந்தார்கள். மேலே ஹெலிகாப்டரில் இருந்து தங்களைக் கண்காணிக்கத்தான் அது நடந்தது என்று நம்பினார்கள். நகராட்சியைக் கேட்டால், எல்ம் மரங்களுக்கு வந்த நோயைக் காரணம் காட்டும். ஹெலிகாப்டர்கள் பூச்சிமருந்து தெளித்ததும் உண்டு. எது சரி என்பது இங்கே முக்கியமில்லை. தங்களைக் கேட்காமல் வெட்டியவர்களின் வாரிசுகள் இப்போது தங்களைக் கேட்காமல் நட வருகிறார்கள் என்பதே அந்த வீடுகளுக்குத் தெரிந்தது. மூன்று ஆண்டுக்குப் பிறகு யார் பார்ப்பது என்ற கேள்வி அடுத்து வந்தது. நகராட்சி 2013-ல் திவால் மனு கொடுத்தது. தெரு விளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை. பட்டுப்போன மரங்கள் வெட்ட ஆளில்லாமல் நின்றன. இதற்கு மேல், எந்த மரம் என்பதைக்கூட அமைப்பே முடிவு செய்தது. மறுப்புக்குக் காரணம் அறியாமை என்றால் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தாலே போதும்; அவநம்பிக்கைக்கு அது மருந்தாகாது.

டெட்ராய்ட் தொலைவில் இருக்கிறது, நம் ஊர் வேறு என்பவர்கள் கூவம் கரையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆற்றைச் சீரமைக்கிறோம், கரையைப் பசுமையாக்குகிறோம் என்ற திட்டத்தின் பேரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூவம் கரையிலிருந்து எடுக்கப்பட்டு, பெரும்பாக்கம் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அந்தக் குடும்பங்களின் உறவினர்கள் இன்னும் நகரத்துக்குள் இருக்கும் குடிசைப் பகுதிகளில் வாழ்கிறார்கள். நீங்கள் ஒரு சனிக்கிழமை காலை அளவு நாடாவும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு போய்த் தெருவோரம் வட்டம் போட்டால், அது மரத்துக்கான வட்டம் என்று முதலில் யாருக்கும் தோன்றாது. யார் அளந்தது, எதற்கு அளந்தது, வீட்டை எடுக்கப் போகிறார்களா என்ற பேச்சு மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். அனுபவம் கற்றுக்கொடுத்த பயம் அது. ஆகவே முதல் சந்திப்புக்கு அளவு நாடா எடுத்துப் போகாதீர்கள். கன்றின் படம் போட்ட பேனரும் வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் செலவு எவ்வளவு என்பது பிடிபடும். சென்னை மண்ணில் புதிதாக நட்ட கன்றுக்கு மழையில்லாத மாதங்களில் வாரம் மூன்று முறையாவது ஒரு குடம், அதாவது சுமார் 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை 35 வாரம் என்று வைத்துக்கொண்டால் 105 குடம். இடையில் பெய்யும் கோடை மழையும் மாலை இடிமழையும் இருபது முப்பது குடத்தைக் குறைக்கலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. லாரியின் பின்னால் வரிசையில் நின்று, மூன்று மாடி ஏற்றிக் குடத்தை இறக்கும் பெண்ணிடம் இதைக் கேட்கும்போது, அவள் நாளில் நாம் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, குடிக்கத் தண்ணீர் தேடிய குடும்பங்கள் கன்றுக்கு ஊற்றியிருக்கவே முடியாது. அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் கன்றுக்குப் போகலாம். சோப்பு நுரை நிறைந்த தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. ஆனால் இதை ஆலோசனையாகச் சொல்லிவிட்டு நடுபவர் விலகிவிடக் கூடாது. பத்துக் கன்றுக்கு ஒரு டிரம், அதை வாரம் இரண்டு முறை நிரப்பும் வண்டி, அதற்கான பணம் இரண்டு கோடைக்கு என்று எழுதி வைத்துக்கொண்ட பிறகே பத்துக் கன்றுக்குச் சம்மதம் சொல்லுங்கள். அந்தப் பணம் ஆறு கன்றுக்குத்தான் வரும் என்றால் ஆறு கன்று நடுங்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கவுன்சிலரிடமும் தெருப் பெரியவர் ஒருவரிடமும் சொல்லி அனுமதி வாங்கிவிட்டால் தெருவைக் கேட்டதாக ஆகிவிடாது. அவர்களைப் பார்ப்பது மரியாதை. அதைத் தவிர்க்கவும் கூடாது. ஆனால் இலையைக் கூட்டப் போவதும் தண்ணீர் ஊற்றப் போவதும் பெரும்பாலும் பெண்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டால் வேலைக்குப் போகும் பெண்களும், சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் சமையலில் இருப்பவர்களும் வர மாட்டார்கள். வாசல் வாசலாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. மகளிர் சுய உதவிக் குழுவின் மாதக் கூட்டம் நடக்குமானால், அதில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தால் கார்ப்பரேஷன் பதிவேட்டிலும் ஏறும். வாடகைக்கு இருப்பவரையும் வீட்டுக்காரரையும் தனித்தனியே கேட்க வேண்டும். வாடகைக்காரர் ஆசைப்பட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை, வண்டி நிறுத்த இடமில்லை என்று வீட்டுக்காரர் ஒரே நாளில் வெட்டிப்போட முடியும். மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன், இந்தத் தெருவில் முன்பு மரம் இருந்ததா, அது என்ன ஆனது என்று கேளுங்கள். ஊரறிய நின்ற ஒரு வேப்பமரத்தை வடிகால் வேலைக்கு வெட்டினார்கள், போன முறை வைத்த கன்றுகள் கூண்டோடு காணாமல் போயின, கிளை விழுந்து ஆட்டோ நசுங்கியது என்று வரும் பதில்கள்தான் உங்கள் திட்டத்தின் முதல் பக்கம். வேண்டாம் என்பவரிடம் இரண்டாம் முறை போய் வாதாடக் கூடாது. அந்த வாசலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பக்கத்து மரம் நன்றாக வந்தால் அவரே ஒருநாள் கேட்பார், கேட்காவிட்டாலும் அது அவர் வாசல்.

எங்கே நடுவது என்பதை வரைபடம் பார்த்து முடிவு செய்தால் சரியாக வராது. பகல் ஒரு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து, யார் எங்கே வெயிலில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பத்தடிச் சந்தில் மரத்துக்கு இடமே கிடையாது. ஆம்புலன்ஸ் நுழைய வேண்டிய வழியை மறித்து நடுவது பெரும் தவறு. சந்துக்குள் இல்லாத இடம் சந்து முனையில் இருக்கும்: அங்கன்வாடி வாசல், ரேஷன் கடை வரிசை, தண்ணீர் லாரி நிற்கும் இடம், அடிபம்பு, பேருந்து நிறுத்தம், ஆட்டோ ஸ்டாண்டு, மாநகராட்சிப் பள்ளியின் மதிலோரம். இவற்றில் இஸ்திரி வண்டிக்காரர், செருப்புத் தைப்பவர், பூ விற்கும் அம்மா, இளநீர்க் கடைக்காரர் இருக்கும் இடங்களுக்கு முதல் உரிமை கொடுப்பேன். அவர்கள் நாள் முழுக்க அங்கேயே இருப்பவர்கள். நிழலின் பயன் நேரடியாக அவர்கள் பிழைப்பைச் சேர்கிறது. ஆடு மேய வந்தால் விரட்டுவதும், கூண்டைக் கழற்ற வருபவனைக் கேள்வி கேட்பதும் அவர்கள்தான். யாரும் நிற்காத மதிலோரத்தில் நட்ட இருபது கன்றைவிட இப்படிப்பட்ட இடத்தில் நட்ட மூன்று கன்று பெரிய நிழலைத் தரும். இடத்தை முடிவு செய்தபின் மேலேயும் கீழேயும் பாருங்கள். மேலே மின்கம்பி போனால் பெரிதாக வளரும் மரம் கூடாது. கீழே என்ன புதைந்திருக்கிறது, அடுத்த இரண்டு ஆண்டுக்குள் மழைநீர் வடிகாலோ பாதாளச் சாக்கடையோ கேபிளோ வரப்போகிறதா என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேலை வரப்போகும் இடத்தில் அது முடியும்வரை நடவே வேண்டாம். வடிகாலுக்காக ஒரு பக்க வேரை வெட்டிய மரம் நின்றிருப்பதுபோலத் தெரியும். அடுத்த புயலில் அந்தப் பக்கத்தின் பிடி இல்லாமல் சாயும்.

எந்த மரம் என்பதில் தெருவுக்கு உண்மையான தேர்வு வேண்டும். ஆனால் அந்தத் தேர்வுக்கு எல்லை போடுவது நடுபவரின் பொறுப்பு. கேட்டால் எல்லோரும் தென்னையும் முருங்கையும்தான் கேட்பார்கள், அதனால் கேட்கவே கூடாது என்று சிலர் வாதிடுவார்கள். கேட்பார்கள்தான். ஆட்கள் நடக்கும் இடத்தில் தென்னை மட்டையும் காயும் தலையில் விழும், முருங்கைக் கிளை காற்றுக்கு ஒடியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும் என்று சொன்னால் மறுத்துப் பேசுபவர்கள் குறைவு; முருங்கையின் குணம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, வேகமாக வளர்ந்து அகலக் குடை விரித்திருந்த மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஆயிரக்கணக்கில் சாய்ந்து தெருக்களை அடைத்தன. அதைப் பார்த்தவர்களிடம் வேகமாக வளரும் மரம் என்பதை ஒரு சிறப்பாகச் சொல்லாதீர்கள். புங்கம், வேம்பு, பூவரசு, மகிழம், புன்னை ஆகிய ஐந்தை முன்வைத்து ஒவ்வொன்றின் நல்லதையும் தொல்லையையும் மறைக்காமல் சொல்லுங்கள். புங்கம் சீக்கிரம் நிழல் தரும், கோடைத் தொடக்கத்தில் இலையும் பூவுமாகக் கொட்டும். வேம்புக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும், ஆனால் பெரிதாகும், மின்கம்பிக்குக் கீழே ஆகாது. பூவரசும் புன்னையும் கடலோர உப்புக்காற்றைத் தாங்கும். ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் இவைதான் முதலில் என் நினைவுக்கு வரும். மகிழம் அழகு, மிக மெதுவாக வளரும். அரசும் ஆலும் வீட்டோரத்தில் வேண்டாம்; அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும், வெட்ட யாருக்கும் மனம் வராது. கோனோகார்பஸ் என்ற மரக்கன்று இலவசமாகவும் பச்சையாகவும் வந்து சேரும், வாங்காதீர்கள். குஜராத் 2023-ல் அதைத் தடை செய்தது, தமிழ்நாடும் பின்னர் தடை செய்தது. தெரு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதை மாற்றிக் கொண்டுவந்து இறக்கக் கூடாது. நாற்றங்காலில் புங்கம் தீர்ந்துவிட்டது, இது இருந்தது என்று சொன்னால் இரண்டு மாதம் கேட்டதெல்லாம் வீணாகிவிடும்.

இவ்வளவு கேட்டுக்கொண்டிருந்தால் எப்போது நடுவது, வெப்பம் காத்திருக்குமா என்பது கேட்கப்படும் முதல் எதிர்க் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நட்ட கன்று நிற்க நிழல் தருவதற்கு நாலைந்து ஆண்டு ஆகும். அதில் இரண்டு மாதம் பேச்சுக்குப் போவது பெரிய தாமதமில்லை. கேட்காமல் நட்டுச் செத்த கன்றினால் வரும் தாமதம்தான் பெரிது, ஏனென்றால் அடுத்த முறை யார் வந்தாலும் அந்தத் தெரு நம்பாது. இந்தக் கோடைக்கே நிழல் வேண்டும் என்றால் ரேஷன் கடை வாசலில் கீற்றுப் பந்தல் போடுங்கள். மரம் அதன் பக்கத்தில் வளரட்டும். இரண்டாவது கேள்வி, குடிக்கத் தண்ணீரும் ஒழுங்கான கழிப்பறையும் இல்லாத இடத்தில் மரம் ஒரு கேடா என்பது. இதை நகரத்தின் வசதியான பகுதியில் இருப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். தங்கள் தெருவில் இரண்டும் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று போட்டி என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. வெக்கை தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவு தெருவில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இந்தப் போட்டி கிடையாது, இரண்டும் வேண்டும். ஆனாலும் இந்தக் கேள்விக்குள் ஒரு உண்மை இருக்கிறது. வீடு வீடாகப் போகும்போது தண்ணீர் வராத குறையும் அடைத்த சாக்கடையும்தான் முதலில் காதில் விழும். அதை எழுதிக்கொண்டு கார்ப்பரேஷனின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்காத குழு, மரத்தைப் பற்றிப் பேசும் தகுதியை அங்கேயே இழந்துவிடுகிறது.

மூன்றாவது எதிர்ப்பு பெண்களிடமிருந்து வரும். அதற்குத்தான் மிகக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். மரம் வந்தால் அடியில் குடிக்கிறவர்கள் உட்காருவார்கள், தெரு விளக்கு மறையும், இரவில் அந்தப் பக்கம் நடக்க முடியாது. இது கற்பனையான அச்சமில்லை. விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் குறைந்தது இருபதடி இடைவெளி, கீழ்க்கிளைகளை ஆண்டுதோறும் ஆள் உயரத்துக்கு மேல் கழித்துவிடும் ஏற்பாடு, மரத்தைச் சுற்றி மேடை கட்டாமல் விடுவது ஆகிய மூன்றும் அந்த அச்சத்தைப் பெருமளவு குறைக்கும். மேடை வேண்டும் என்று ஆண்களும் வேண்டாம் என்று பெண்களும் சொன்னால் பெண்கள் சொல்வதைக் கேளுங்கள். மரத்தடியில் ஒரு சாமி படம் வந்து, பிறகு சிலை வந்து, பிறகு நடைபாதை போய்விடுகிறது என்ற புகாரும் வரும். அந்த மரத்தை யாரும் வெட்ட மாட்டார்கள் என்பது உண்மை. நடைபாதை போவதும் உண்மை. பல மதத்தார் சேர்ந்து வாழும் தெருவில் மரம் ஒருவருடையதாகிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிடுவார்கள். பேசும்போதே இதை முன்கூட்டி எடுத்து வையுங்கள்.

நடும் நாளைப் பொறுத்தவரை, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் சென்னையில் கன்று நடுவதை நிறுத்த வேண்டும் என்பேன். அக்னி நட்சத்திரம் மே கடைசியில் முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கம் சொல்லும். சென்னையில் பதிவான உச்ச வெப்பமான 45 டிகிரி வந்ததோ 2003 மே 31 அன்று. இந்த ஊருக்குப் பெரும் மழை அக்டோபர் நடுவில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஜூனில் நட்டால் வேர் பிடிக்காத கன்றுக்கு நான்கு மாத வெயில் காத்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் நட்டால் முதல் தண்ணீரை வானமே ஊற்றும். அந்த நான்கு மாதத்தைத் தெருவைக் கேட்பதற்குப் பயன்படுத்துங்கள்: ஜூனில் பேச்சு, ஆகஸ்டில் குழி, செப்டம்பர் கடைசியில் கன்று. குழி மூன்றடி நீளம், அகலம், ஆழம் இருக்கட்டும். வெளியே வரும் கட்டட இடிபாட்டை மறுபடி உள்ளே தள்ளாமல் செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். கன்று ஆறடிக்குக் குறையக் கூடாது. சின்னக் கன்றை ஆடும் மாடும் விடாது. கறுப்புப் பையைக் கிழித்து முழுக்க எடுத்த பிறகே கன்றை இறக்க வேண்டும். பையோடு புதைத்த கன்று ஓராண்டு பச்சையாக நின்று ஏமாற்றும். பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களைக் கத்தியால் அறுத்துப் பிரித்துவிடுங்கள், இல்லையேல் பின்னாளில் அவையே மரத்தை நெரிக்கும். நவம்பர் காற்றுக்கு இரண்டு கழி ஊன்றி, கம்பியால் கட்டாமல் பழைய புடவைத் துணியாலோ தென்னங்கயிற்றாலோ தளர்வாகக் கட்டுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தரையைச் சிமென்ட் போடாமல் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லிக்கு உத்தரவிட்டது. அந்த அளவை நடைபாதை ஒப்பந்தக்காரரிடம் காட்டிப் பேசுங்கள். டைல்ஸ் அடிமரத்தைத் தொடும்படி பதித்துவிட்டால் உங்கள் 105 குடமும் சாக்கடைக்குத்தான் போகும்.

நியூயார்க்கில் 1999-க்கும் 2003-க்கும் இடையே நடப்பட்ட 13,405 தெரு மரங்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். 74.3 சதவீதம் உயிரோடு இருந்தன. பணமும் ஆளும் உள்ள நகரத்திலேயே நாலில் ஒன்று போய்விட்டது. யாரோ ஒருவர் பூச்செடி வைத்தோ, மண்ணைக் கிளறியோ, பெயர்ப்பலகை மாட்டியோ கவனித்துவந்த அடையாளம் இருந்த மரங்கள் அதிகம் பிழைத்திருந்தன. எனவே எத்தனை நட்டோம் என்ற எண்ணை உங்கள் அறிக்கையின் முதல் வரியில் எழுதாதீர்கள். மூன்றாம் ஆண்டு பொங்கலின்போது எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற எண்ணுக்கு அந்த இடத்தை ஒதுக்கி வையுங்கள். நன்கொடையாளர் நட்ட எண்ணைத்தான் கேட்பார். இரண்டையும் பக்கம் பக்கமாகக் கொடுங்கள். இரண்டாவது எண் சிறியதாக இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒரு மரத்துக்கு ஒரு பக்கம்: நட்ட தேதி, மரத்தின் பெயர், யார் தேர்ந்தெடுத்தது, தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்டவர் யார், அவர் ஊருக்குப் போனால் யார், டிரம் நிரப்பும் நாள், கிளை கழித்த நாள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று சுய உதவிக் குழுவிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுகளைத் தளர்த்துங்கள். தண்டு கூண்டைத் தொடும் அளவுக்குப் பருத்ததும் கூண்டை எடுத்துவிட வேண்டும். நகரமெங்கும் இரும்பு வளையம் சதைக்குள் புதைந்த மரங்கள் நிற்கின்றன. எடுக்க வேண்டிய ஆண்டில் எவரும் திரும்பி வராததன் விளைவு அது. கன்று பட்டுப்போன பக்கத்தைக் கிழிக்காதீர்கள். காரணத்தை அந்த வீட்டாரிடமே கேட்டு, அவர்கள் சொன்னபடி எழுதுங்கள். அதே குழியில் மறுபடி வைக்கலாமா என்றும் அவர்களையே கேளுங்கள். வேண்டாம் என்றால் குழியை மண்ணிட்டு மேடு பள்ளம் இல்லாமல் மூடி, மிதித்து இறுக்கி, கூண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். திறந்து கிடக்கும் குழியில் இரவில் தடுக்கி விழப்போவது அந்தத் தெருப் பிள்ளைகளும் வயதானவர்களும்தான்.